நெட் கம்பெனியை மாற்றிய பிறகு அலுவலக மெயில் ஏன் திரும்பி வருகிறது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதம் இது. திருப்பூரில் 12 பேர் வேலை செய்யும் ஏற்றுமதி அலுவலகம். போன வாரம் பழைய பிராட்பேண்டை எடுத்துவிட்டு வேறு நிறுவனத்தின் ஃபைபர் லைன் போட்டீர்கள். நெட் வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து சில பையர்களுக்கு மெயில் போய்ச் சேரவில்லை. முதல் நான்கைந்து நாள் ஒரு தகவலும் இல்லை. நேற்றிலிருந்து அந்த மெயில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. உள்ளே வரும் மெயிலில் குறை இல்லை. ஸ்கேனரிலிருந்து மெயில் அனுப்புவது மட்டும் முதல் நாளே நின்றுவிட்டது. மெயில் ஹோஸ்டிங் கம்பெனி நெட்டைக் கை காட்டுகிறது, நெட் கம்பெனி லைன் சரியாக இருக்கிறது என்கிறது. பழைய லைனுக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வியின் அடியில் இருப்பது இதுதான்: லைன் மாறியபோது மெயிலுக்குத் தேவையான எது உங்களிடமிருந்து போனது, அதைப் புது லைனில் எப்படித் திரும்ப ஏற்படுத்துவது?

கோவை, திருப்பூர் பக்கத்துச் சிறிய அலுவலகங்களுக்கு நெட்வொர்க்கும் மெயிலும் பார்த்துக்கொடுப்பது பதினேழு வருடமாக என் தொழில். இதே நிலைமையைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பழைய லைனுக்குத் திரும்ப வேண்டியதில்லை. இரண்டு கம்பெனிகளும் தங்கள் வரைக்கும் உண்மையைத்தான் சொல்கின்றன. இருவருக்கும் நடுவில் உள்ள ஒரு வேலை யாராலும் செய்யப்படாமல் நிற்கிறது.

முதலில் உங்கள் மெயில் எந்த வாசல் வழியாக வெளியே போகிறது என்று தெரிய வேண்டும். அலுவலக மூலையில் ஒரு சர்வர் ஓடுகிறது, அமைத்தவர் இப்போது தொடர்பில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்து அலுவலகங்களில் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் இப்படித்தான் அமைப்பார்கள். உள்ளே வரும் மெயில் ஹோஸ்டிங் கம்பெனியில் வந்து விழும். மூலையில் இருக்கும் சர்வர் சில நிமிடத்துக்கு ஒரு முறை பாப்3 வழியாகப் போய் அதை எடுத்து வரும். வெளியே போகும் மெயிலை மட்டும் அந்தச் சர்வரே உங்கள் நெட் லைன் வழியாக, 25-ம் எண் போர்ட்டில் (சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் எண் வாசல்), பையரின் சர்வருக்கு நேரே கொண்டுபோய்க் கொடுக்கும். உங்கள் அமைப்பு இதுவாக இருந்தால் வருவது சரியாக இருந்து போவது மட்டும் கெட்டது இயல்பே. எடுத்து வருவதற்கு எந்த லைனும் போதும். கொடுக்கப் போகும்போதுதான் 'நீ யார், எங்கிருந்து வருகிறாய்' என்ற கேள்வி வருகிறது.

அந்தக் கேள்வி ஏன் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கீழே சொல்பவை மந்திரம் போலத் தெரியும். மெயிலைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி என்ற முறை 1982-ல் ஜான் போஸ்டல் எழுதியது. அனுப்புகிறவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதை அப்படியே ஏற்கும் முறை அது. சரிபார்க்கும் ஏற்பாடு அதற்குள் கிடையாது. பெறுகிற சர்வருக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றே ஒன்று, எதிரில் வந்து நிற்கும் ஐபி முகவரி, அதாவது நெட் இணைப்புக்கு நெட் கம்பெனி கொடுக்கும் எண். அதனால் ஸ்பேம் பெருகப் பெருக, தடுப்புகள் எல்லாம் அந்த ஐபியைச் சுற்றியே கட்டப்பட்டன. நெட் கம்பெனியை மாற்றியபோது உங்களுக்கு மாறியது அந்த ஐபிதான். உங்கள் டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்), மெயில் பெயர்கள், கம்ப்யூட்டர்கள் எல்லாம் பழையபடி இருந்தாலும், வெளியே நிற்கிறவர்களுக்கு நீங்கள் நேற்று வரை பார்த்திராத ஆள்.

இனி, உங்கள் கேள்வியிலிருந்தே எனக்கு உறுதியாகத் தெரிகிறவை. சிலருக்கு மெயில் போகிறது என்கிறீர்கள். அது அந்தச் சர்வர் வழியாகவே போகிறதென்றால், புது லைனில் 25-ம் போர்ட் திறந்திருக்கிறது. ஸ்பேம் பயத்தால் பல நெட் கம்பெனிகள், குறிப்பாக ஸ்டேடிக் ஐபி (மாறாத, உங்களுக்கென்றே உள்ள ஐபி) இல்லாத இணைப்புகளில், அந்தப் போர்ட்டை மூடி வைப்பது வழக்கம். மூடியிருந்தால் ஒருவருக்கும் போகாது. நாள் கணக்கிலிருந்து இன்னொன்று தெரிகிறது. சிறிய அலுவலகங்களில் அதிகம் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள், எதிர்ச் சர்வர் தற்காலிகமாக மறுத்தால் மெயிலை வரிசையில் வைத்து 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். அதுவரை அனுப்பியவருக்கு எந்த எச்சரிக்கையும் தராது. அதன் இயல்பு அமைப்பே அப்படி. உங்களுக்கு நேற்றிலிருந்து திரும்பி வருபவை போன வாரம் மாட்டிக்கொண்ட மெயில்கள். அப்படியானால் இந்த வாரம் அனுப்பியவையும் அதே வரிசையில் நின்றுகொண்டிருக்கும். அந்த வரிசையை இன்றே யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஷிப்மென்ட் ஆவணங்கள் அதில் இருந்தால் ஐந்து நாள் காத்திருக்க முடியாது.

அடுத்தது, திரும்பி வந்த மெயிலைப் படிப்பது. பெரும்பாலோர் 'போகவில்லை' என்று தெரிந்ததும் அதை அழித்துவிடுகிறார்கள். காரணம் அதற்குள்தான் எழுதியிருக்கிறது. நடுவில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4-ல் தொடங்கினால் தற்காலிக மறுப்பு, 5-ல் தொடங்கினால் முடிவான மறுப்பு. அதை ஒட்டிப் புள்ளி வைத்த இன்னோர் எண் வரும். ஜிமெயில் 5.7.25 என்று சொன்னால் உங்கள் ஐபிக்குத் தலைகீழ்ப் பதிவு (அடுத்த பத்தியில் விளக்குகிறேன்) இல்லை என்று பொருள். 5.7.26 என்றால் இந்த டொமைன் பெயரில் அனுப்ப உங்களுக்கு அனுமதி இருப்பதாக நிரூபணம் ஆகவில்லை. அவுட்லுக், ஹாட்மெயில் பக்கத்திலிருந்து எஸ்3150 என்ற குறி வந்தால், உங்கள் நெட் கம்பெனியின் ஐபித் தொகுதியில் ஒரு பகுதியையே அவர்கள் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். உங்கள் அலுவலகம் தவறு செய்திருக்க வேண்டியதில்லை. ஸ்பாம்ஹாஸ் என்ற பெயர் (ஸ்பேம் அனுப்பும் ஐபிகளின் தடைப் பட்டியல்களை வைத்திருக்கும் அமைப்பு) தென்பட்டால் அதற்குத் தனி வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

என் அனுபவத்தில் இந்த மாதிரிக் கேஸ்களில் அதிகம் விட்டுப்போவது தலைகீழ்ப் பதிவு, அதாவது பிடிஆர். டிஎன்எஸ் என்பது இணையத்தின் பெயர்ப் புத்தகம். அதன் சாதாரணப் பதிவு பெயரைக் கொடுத்தால் ஐபியைச் சொல்லும். இது ஐபியைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும். பெறுகிற சர்வர் உங்கள் ஐபியைத் தேடும்போது நெட் கம்பெனி பொதுவாக வைத்திருக்கும் எண்கள் கோத்த பெயர் வந்தால், வீட்டு இணைப்பு என்று சந்தேகப்படும்; எதுவுமே வராவிட்டால் பலர் மறுத்துவிடுவார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், ஒரு நாளைக்கு ஒரு மெயில் அனுப்புகிறவருக்கும் இது சரியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் டொமைன் எங்கே பதிவாகியிருக்கிறதோ அங்கே எவ்வளவு தேடினாலும் பிடிஆர் வைக்கும் இடம் கிடைக்காது. ஐபி யாருடையதோ அவர்தான் வைக்க முடியும், அதாவது உங்கள் புது நெட் கம்பெனி. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் எதிரில் இருப்பவருக்குப் புரியாமல் போகலாம். அதனால் எழுத்தில் கேளுங்கள்: 'எங்கள் ஸ்டேடிக் ஐபி இது, இதற்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவாக இந்தப் பெயரை வையுங்கள்' என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி, அவர்களிடம் பதிவாகியிருக்கும் மெயில் முகவரியிலிருந்து அனுப்புங்கள். நீங்கள் கொடுக்கும் பெயர் உங்கள் டொமைனின் கீழ் ஒரு சர்வர் பெயராக இருக்கட்டும். அந்தப் பெயர் திருப்பிப் புது ஐபியைக் காட்ட வேண்டும், சர்வர் வெளியே தன்னை அறிமுகப்படுத்தும்போதும் அதே பெயரைச் சொல்ல வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் போதும்.

கேட்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டேடிக் ஐபி வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ரவுட்டரின் உள்ளே போய் வெளிப்பக்க ஐபியைப் பாருங்கள். அது 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் உங்களுக்கென்று தனி ஐபியே இல்லை; பல வாடிக்கையாளர்கள் ஒரே ஐபியைப் பங்கிட்டுக்கொள்கிறீர்கள். அந்த நிலையில் பிடிஆர் கேட்பதிலோ, சொந்தச் சர்வரிலிருந்து நேரே அனுப்புவதிலோ பயனில்லை. கட்டணம் கட்டி ஸ்டேடிக் ஐபி வாங்க வேண்டும், அல்லது பின்னால் சொல்லப்போகும் ரிலே வழிக்கு (மெயிலை வேறொரு சர்வரிடம் ஒப்படைத்து அனுப்புவது) போக வேண்டும்.

இரண்டாவது எஸ்பிஎஃப் பதிவு. 'எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த ஐபிகளுக்குத்தான் அனுமதி' என்று நீங்களே ஊருக்கு அறிவித்திருக்கும் ஒற்றை வரி அது. உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் இருக்கும். பழைய ஐபி அதில் எழுதியிருந்தால், உங்கள் அறிவிப்பே இன்று உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. வரியின் கடைசியில் உள்ள ஆல் என்ற சொல்லுக்கு முன் கழித்தல் குறி இருந்தால் 'மற்றவர்களை மறுத்துவிடு' என்று பொருள். அலைக்குறி இருந்தால் 'சந்தேகத்தோடு வாங்கிக்கொள்' என்று பொருள். உங்களுக்குத் திரும்பியும் வராமல், பையருக்கும் கிடைக்காமல் போன மெயில்களில் சில இப்படி ஸ்பேம் பெட்டியில் கிடக்கலாம். ஒரு பையரிடம் போனில் கேட்டு அந்தப் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். திருத்தும்போது பழைய வரியை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவது வரி ஒன்றைச் சேர்க்காதீர்கள். ஒரு டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் வரி இருந்தால் இரண்டும் செல்லாது. இருப்பதிலேயே புது ஐபியை எழுதி, மெயில்கள் சரியாகப் போகத் தொடங்கியதும் பழைய ஐபியை எடுத்துவிடுங்கள். அந்த ஐபி நாளை வேறு யாருக்கோ போகும். உங்கள் பெயரில் அனுப்பும் அனுமதி அவருக்கு இருக்கக் கூடாது. டிகிம் என்ற கையொப்பம் உங்கள் சர்வரில் ஏற்கெனவே இருந்தால் அதை இப்போது தொட வேண்டாம். அது ஐபியைச் சார்ந்ததல்ல, லைன் மாறினாலும் செல்லும்.

மூன்றாவது தடைப் பட்டியல்கள். ஸ்பாம்ஹாஸின் தளத்தில் உங்கள் ஐபியைப் போட்டுப் பார்க்கலாம், இலவசம். எந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்பது முக்கியம். பிபிஎல் என்று வந்தால் பதற வேண்டாம். நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத இணைப்புகள் என்று பிரித்து வைத்த பட்டியல் அது, குற்றச்சாட்டு அல்ல. பல சமயம் நெட் கம்பெனியே தன் ஐபிகளை அதில் சேர்த்திருக்கும். ஸ்டேடிக் ஐபியும் சரியான பிடிஆரும் இருந்தால் அந்த ஒரு ஐபியை நீக்கும்படி நீங்களே அந்தத் தளத்தில் கேட்கலாம். எக்ஸ்பிஎல் என்று வந்தால் நிலைமை வேறு. அந்த ஐபியிலிருந்து வைரஸ் பிடித்த இயந்திரம் ஒன்று பேசியிருக்கிறது. உங்களுக்கு முன் அதை வைத்திருந்தவருடையதாக இருக்கலாம், உங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டராகவும் இருக்கலாம். 12 பேரும் ஒரே ஐபி வழியாக வெளியே போவதால் ஒருவருடைய லேப்டாப் கெட்டாலும் கம்பெனி முழுவதற்கும் பெயர் கெடும். ஒவ்வொன்றையும் சோதித்துச் சுத்தம் செய்யாமல் நீக்கச் சொன்னால் இரண்டு நாளில் திரும்பச் சேர்ப்பார்கள். மெயில் சர்வரைத் தவிர அலுவலகத்தின் வேறெந்த இயந்திரமும் 25-ம் போர்ட்டில் வெளியே போகக் கூடாது என்று ரவுட்டரில் ஒரு விதி போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை; நான் எல்லா இடத்திலும் முதலில் செய்வது அதுதான்.

ஜிமெயில் பயன்படுத்தும் பையர்களுக்கு மட்டும் போகாமல் மற்றவர்களுக்குப் போகிறதென்றால் ஐபிவி6 (ஐபி முகவரியின் புது, நீள வடிவம்; பழையது ஐபிவி4) பக்கம் பாருங்கள். பழைய லைனில் அது இல்லாமல் இருந்து, புது ஃபைபரில் கேட்காமலேயே வந்திருக்கும். உங்கள் சர்வர் அதைக் கண்டதும் கூகுளிடம் ஐபிவி6 வழியாகப் பேச ஆரம்பித்துவிடும். அந்த நீள முகவரிக்குப் பிடிஆரும் இருக்காது, எஸ்பிஎஃப் வரியிலும் அது இருக்காது. போன வருடம் கரூரில் ஓர் அலுவலகத்தில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. எல்லாப் பதிவும் சரியாக இருக்கிறது, ஜிமெயில் மட்டும் மறுக்கிறது. திரும்பி வந்த மெயிலை மூன்றாவது முறை படித்தபோதுதான் அதிலிருந்த முகவரி முக்காற்புள்ளிகளோடு இருப்பதைக் கவனித்தேன். சர்வரை ஐபிவி4 வழியாக மட்டும் அனுப்பச் சொன்னதும் சரியானது.

ஸ்கேனர் வேறு கதையாக இருக்கலாம். முதல் நாளே முழுவதும் நின்றது என்பதால் அப்படி நினைக்கிறேன். இதில் எனக்கு உறுதி இல்லை, ஆனால் இரண்டு இடம் பார்க்கச் சொல்வேன். ஒன்று, அதற்குள் பழைய நெட் கம்பெனியின் டிஎன்எஸ் முகவரியைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள். அந்த டிஎன்எஸ் அவர்கள் வாடிக்கையாளருக்கு மட்டும் பதில் சொல்வதாக இருந்தால், ஸ்கேனருக்கு எந்த சர்வரின் பெயரும் புரியாது. மற்றொன்று, கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் ரிலேவில் 'இந்த ஐபியிலிருந்து வந்தால் பாஸ்வேர்டு கேட்காமல் வாங்கிக்கொள்' என்று பழைய ஐபியைக் கொடுத்திருப்பார்கள். அங்கே புது ஐபியை மாற்றினால் போதும். சிறிய மெயில் போகிறது, பெரிய இணைப்பு வைத்தால் பாதியில் தொங்குகிறது என்ற புகாரும் அலுவலகத்தில் இருந்தால் ரவுட்டரில் எம்டியூ அளவை (ஒரே துண்டாக அனுப்பும் தகவலின் உச்ச அளவு) 1500-லிருந்து 1492-க்கு மாற்றிப் பாருங்கள். பிபிபிஓஇ முறை (ரவுட்டரில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நெட்டில் நுழையும் முறை) இணைப்புகளில் அதுதான் சரியான அளவு.

இவை எல்லாம் சரியான பிறகும் சில மெயில்கள் ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். புது ஐபிக்கு நற்பெயர் உருவாகச் சில நாளோ சில வாரமோ ஆகும். எத்தனை நாள் என்று நானோ வேறு யாருமோ வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஜெர்மனியில் பையர்கள் இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: அங்கே டி-ஆன்லைன் போன்ற சில நிறுவனங்கள், முன்பின் அறியாத ஐபியிலிருந்து வரும் மெயிலை 554 என்று சொல்லி நேரடியாகவே மறுக்கும். அவர்களுக்கு எழுதித்தான் அனுமதி வாங்க வேண்டும்.

என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், 12 பேர் அலுவலகத்துக்கு நேரே அனுப்பும் அந்த முறையையே விட்டுவிடலாம். சர்வர் இருக்கட்டும். ஆனால் வெளியே போகும் மெயிலை ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வரிடம் 587-ம் போர்ட்டில், பாஸ்வேர்டு கொடுத்து ஒப்படைக்கட்டும், அவர்கள் கொண்டுசேர்க்கட்டும். இதைத்தான் ரிலே என்கிறோம். போஸ்ட்ஃபிக்ஸில் சில வரிகள் எழுதினால் போதும். ஹோஸ்டிங் கம்பெனி தரும் வரியை எஸ்பிஎஃப்பில் சேர்க்க வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை மெயில் அனுப்பலாம் என்ற வரம்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகு உங்கள் ஐபியைப் பற்றிப் பையரின் சர்வர் கவலைப்படாது. அடுத்த முறை லைன் மாற்றினாலும், ஒரு நாள் லைன் அறுந்து மொபைல் நெட்டில் ஓட்டினாலும் மெயில் போகும். சொந்தமாகவே அனுப்ப வேண்டும் என்று பிடிவாதமாக இருக்க ஏதேனும் காரணம் உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள், அதற்கேற்ப யோசிக்கலாம்.

இன்றைக்கு உடனே செய்ய வேண்டியது: ஹோஸ்டிங் கம்பெனியின் வெப்மெயிலில் நுழைந்து, போகாத பையர் ஒருவருக்கு அங்கிருந்து அனுப்புங்கள். அது போய்ச் சேர்ந்தால் கோளாறு உங்கள் ஐபியில்தான் என்பது உறுதியாகிவிடும், அவசர மெயில்களையும் அதிலேயே அனுப்பலாம். தற்காலிகமாகப் புதிதாக ஒரு ஜிமெயில் முகவரி திறந்து பையர்களுக்கு எழுத வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 'எங்கள் மெயில் வேலை செய்யவில்லை, இனி இந்த முகவரிக்கு எழுதுங்கள், வங்கிக் கணக்கும் மாறிவிட்டது' என்று எழுதித்தான் ஏற்றுமதியாளர்களின் பணத்தை மோசடிக்காரர்கள் திருப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் உண்மையாக எழுதினாலும் விவரம் தெரிந்த பையர் சந்தேகப்படுவார். விவரம் தெரியாதவர், நாளை மோசடிக்காரன் எழுதும்போதும் நம்பிவிடுவார். போனில் அழைத்து, மெயில் தாமதம் என்று மட்டும் சொல்லுங்கள். வங்கி விவரம் எதுவும் மாறவில்லை என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

திரும்பி வந்த மெயில்களில் இரண்டு மூன்றை எடுத்து, 4 அல்லது 5-ல் தொடங்கும் எண் உள்ள வரியை மட்டும் இங்கே எழுதுங்கள். பையரின் பெயர், மெயில் முகவரி, உங்கள் முழு ஐபி ஆகியவற்றை அழித்துவிட்டுப் போடுங்கள். ரவுட்டரில் பார்த்த வெளிப்பக்க ஐபியின் முதல் இரண்டு எண்களையும் சேர்த்து எழுதினால், மேலே சொன்னவற்றில் உங்களுடையது எது என்று பார்த்துச் சொல்கிறேன்.